உள்ளங்கை வரைந்த சீட்டு

பாமாவுக்குப் பாட்டில் கொஞ்சம் கர்வம் உண்டு. அவளிடமே கேட்டால், "கர்வமெல்லாம் ஒண்ணுமில்லை, ஏதோ எனக்குத் தெரிஞ்சதைப் பாடறேன்" என்பாள். அந்த 'ஏதோ'வைச் சொல்லும் விதத்திலேயே கர்வம் எட்டிப் பார்த்துவிடும். கல்யாணமாகிப் புனே பக்கத்து நிக்டிக்கு வந்தபோது அவளோடு ஒரு தம்புராவும் ரயிலேறி வந்தது. பாங்க் குவார்ட்டர்ஸின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அதை நிறுத்தி வைக்க இடமில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகி வைத்தார்கள். எடுக்க வேண்டுமென்றால் பீரோவை நகர்த்த வேண்டும். பீரோவை நகர்த்த அவள் கணவர் அம்பி வேண்டும். அம்பிக்கு முதுகுவலி. ஆகவே தம்புரா பல வருஷம் உள்ளேயே நின்றது, பாமா மட்டும் வெளியே பாடிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்தில் காலனிக் குழந்தைகளுக்கு வீட்டில் பாட்டு சொல்லிக் கொடுத்தாள். வந்த குழந்தைகளில் பாதி அம்மா அனுப்பியதால் வந்தவை. கண் கடிகாரத்திலும் வாய் ஸரளி வரிசையிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். பாமாவுக்கு அலுத்துப் போயிருந்த சமயம், பக்கத்து செக்டரில் பேச்சு வராத குழந்தைகளுக்கான பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள்.

"பேச்சே வராத குழந்தைகளுக்குப் பாட்டா?" என்று அம்பி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

"ஏன்னா, பாட்டு கேக்கறதுக்குப் பேச்சு எதுக்கு? காது போறாதா?" என்றாள் பாமா.

நல்ல பதில்தான். அந்தக் காதுக்கு எது பிடிக்கும் என்பதையும் தானே முடிவு செய்யலாம் என்று அவள் நினைத்திருந்ததில்தான் கோளாறு. ஆனால் அது தெரிய அவளுக்குச் சில வருஷங்கள் ஆயின.

பள்ளியில் அவளை எல்லோரும் பாமாதாயி என்று கூப்பிட்டார்கள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. குழந்தை எச்சில் ஒழுகினால் தன் புடவைத் தலைப்பால் துடைப்பாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தாலும் பாட்டை நிறுத்தாமல் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவாள். பேச முடியாத குழந்தைகள் அங்கே படச் சீட்டுகளால் பேசுவார்கள். தண்ணீருக்கு ஒரு சீட்டு, பாத்ரூமுக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று. இடுப்பில் தொங்கும் பட்டையில் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும். வேண்டியதைப் பிய்த்துக் கையில் கொடுக்க வேண்டும். பாட்டு வகுப்புக்கும் பாமா இரண்டு சீட்டு செய்தாள். ஒன்றில் வீணைப் படம், இன்னொன்றில் துளசி மாடம். வீணை என்றால் கர்நாடக சங்கீதம், துளசி மாடம் என்றால் பஜனை. இரண்டையும் பாடப்போவது அவள்தான். இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று தாராளமாக நீட்டுவாள். தாராளம்தான், பாவம்.

ஜூன் மாதம் அம்ருதா வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது, நல்ல உயரம், கழுத்தில் பெரிய ஹெட்போன். சத்தம் தாங்காது என்று அம்மா மாட்டிவிட்டிருந்தாள். அம்மா பெயர் வைஷு. கோயமுத்தூர்க்காரி, கணவனோடு ஐ.டி. வேலைக்காகப் புனே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளியில் இருந்தவர்களிடம் இந்தியிலும் மராத்தியிலும் மாறி மாறித் திண்டாடிக்கொண்டிருந்தவள், பாமா வாயைத் திறந்து "வாங்கோ, உக்காருங்கோ" என்றதும் அழாத குறையாகச் சிரித்தாள்.

"குழந்தைக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று பாமா கேட்டாள். எல்லாப் பெற்றோரிடமும் கேட்கிற கேள்வி அது.

வைஷு பாமாவின் வைரத்தோட்டைப் பார்த்தாள், பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்த பாமாவின் பழைய கச்சேரிப் படத்தைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள். "கர்நாடிக்தாங்க மிஸ். சாமி பாட்டுன்னா அவளுக்கு உசுரு" என்றாள்.

பாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குழந்தை வந்ததில்லை. அதுவும் தமிழ்க் குழந்தை. மறுநாளே காலையில் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அம்ருதா முதல் வரியிலேயே ஹெட்போனைக் காதுக்கு ஏற்றிக்கொண்டாள். இரண்டாவது வரியில் ஹெட்போனுக்கு மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். மூன்றாவது வரியில் வலது கையின் புறத்தைப் பல்லால் கடித்தாள். பாமா சுருதியைக் குறைத்தாள். ராகத்தை மாற்றினாள். தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடினாள். நாள் போகப் போக அம்ருதாவின் புறங்கையில் பல் பதிந்த இடம் காய்த்துக் கறுத்துப் போனதுதான் மிச்சம். வீணையையும் துளசி மாடத்தையும் நீட்டினால் இரண்டையும் பிடுங்கிக் கீழே எறிந்தாள். சாமி பாட்டென்றால் உயிர் என்று அம்மா சொன்ன குழந்தை தன்னிடம் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்று பாமாவுக்குப் புரியவில்லை. தன் குரல் போய்விட்டதோ என்றுகூட பயந்தாள். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். குரல் அப்படியேதான் இருந்தது.

தீபாவளி லீவுக்கு முன்னால் பிரின்சிபால் சோமண் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "சில குழந்தைகளுக்குப் பாட்டு ஒத்துக்கொள்ளாது பாமாதாயி. வதைக்க வேண்டாம். லீவு முடிந்ததும் பாட்டு வகுப்பு நேரத்தில் அம்ருதாவை மணி கோக்கும் அறைக்கு அனுப்பிவிடலாம். ஃபைலிலும் எழுதிவிடலாம். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் பாஷைக்காரி" என்றார் இந்தியில். அதட்டவில்லை, கனிவாகத்தான் சொன்னார். அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

ஃபைலில் ஒரு தரம் எழுதிவிட்டால் அது குழந்தை பின்னாலேயே போகும். அடுத்த வகுப்பு டீச்சர் படிப்பாள், அதற்கடுத்தவளும் படிப்பாள். இவளுக்குப் பாட்டு ஆகாது என்று இனி ஒருவரும் அவள் பக்கத்தில் ஒரு பாட்டுப் போட மாட்டார்கள். எனக்கு அது பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தை. அந்தக் கதவைத் தன் கையாலேயே சாத்த வேண்டியிருக்கிறதே என்று பாமாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

போனில் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் வைஷுவின் அபார்ட்மெண்ட் வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தி இறங்கினாள். அதே நேரத்தில் கண்டாகாடியும் வந்தது. இங்கே குப்பை வண்டிக்கு அதுதான் பெயர். மணி அடித்துக்கொண்டு வந்த காலத்துப் பெயர். இப்போது மணி இல்லை, கூரை மேல் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு. ஈரக் குப்பையைத் தனியாகப் போடு, காய்ந்த குப்பையைத் தனியாகப் போடு என்று மராத்தியில் ஒரு பெண் குரல். பின்னணியில் டம்டம் என்று ஒரு மெஷின் தாளம். காலையில் நிக்டி முழுவதும் அதைக் கேட்டுத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கும். பாமா அந்தப் பாட்டு வந்தால் ஜன்னலைச் சாத்துகிற ஜாதி.

கேட்டுக்குள்ளிருந்து அம்ருதா ஓடிவந்தாள். ஹெட்போன் இல்லை. நேராக வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கன்னத்தையும் அதில் ஒட்டிக்கொண்டாள். தகரம் தாளத்துக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. அம்ருதா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டு, வயிறு குலுங்க. இத்தனை மாதத்தில் அந்தக் குழந்தையின் சிரிப்புச் சத்தத்தை பாமா கேட்டதே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பின்னால் பச்சை வாளியும் நீல வாளியுமாக வந்த வைஷு, பாமாவைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"மிஸ்... நீங்களா?"

"இந்தப் பாட்டா?" என்றாள் பாமா.

"தினமுமே இப்படித்தாங்க மிஸ். வண்டி வர்றதுக்கு முந்தியே பால்கனில நின்னுக்குவா. கெளம்பிடுச்சுன்னா அழுவா."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

வைஷு வாளிகளைக் கீழே வைத்தாள். "எப்படிங்க மிஸ் சொல்றது? நீங்க எவ்வளவு பெரிய பாடகி. குப்பை வண்டிப் பாட்டுதான் எம் பொண்ணுக்குப் புடிக்கும்னு உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல வாய் வரலைங்க. இந்த ஊர்ல தமிழ் பேசற ஒரு டீச்சர் கெடைச்சிருக்காங்க, நம்மள நல்ல மாதிரி நெனைக்கோணுமேன்னு..." வைஷு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாமாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எத்தனை மாதம், அந்தக் கை எத்தனை கடி பட்டிருக்கிறது! ஆனால் கோபம் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. வைஷு அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம்? 'அதெல்லாம் ஒரு பாட்டா, போகப் போக மாறிடும்' என்று சொல்லிச் சிரித்திருப்போம். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தது வலித்தது.

"அழாதேம்மா. வாளியை எடுத்துண்டு போய்க் கொட்டு, வண்டி போயிடப் போறது" என்றாள். வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, வண்டி தெரு திரும்புகிற வரைக்கும் அந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டாள்.

அன்றைக்குப் பாட்டு வகுப்பில் சின்ன ஸ்பீக்கரில் கண்டாகாடிப் பாட்டைப் போட்டாள். மூலையில் இருந்த அம்ருதா தலையைத் தூக்கினாள். எழுந்து வந்தாள். ஸ்பீக்கரை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். பாமா அந்த நிமிஷமே ஒரு அட்டையில் குப்பை வண்டி வரைந்து பட்டையில் ஒட்டிவிட்டாள். வண்டிக்குச் சக்கரம் கோணலாக இருந்தது. அம்ருதா கோணலைப் பொருட்படுத்தவில்லை, உடனே அதைப் பிய்த்து பாமாவின் கையில் திணித்தாள்.

ஆனால் மற்றக் குழந்தைகளுக்காக பாமா பஜனையைத் தொடங்கியதும் மறுபடி கை வாய்க்குப் போயிற்று. இன்னும் ஏதோ குறைகிறது என்று பாமாவுக்குப் பட்டது, என்னவென்று பிடிபடவில்லை.

அது சாயங்காலம் வீட்டில் பிடிபட்டது. சமையலறையில் கத்திரிக்காய் நறுக்கியபடி அவள் பாடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அம்பிக்குப் போன் வந்தது. அவர் வழக்கம்போல் அவள் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். பாமா வழக்கம்போல் பாதி வார்த்தையில் பாட்டை நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற கூத்து இது. கத்தி கையிலேயே இருக்க, பாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு அம்பி, "என்ன பாமா, அப்படிப் பாக்கறே? நிறுத்தச் சொன்னதுக்குக் கோபமா?" என்றார்.

"கோபமெல்லாம் இல்லை. உங்களுக்குப் போதும்னா கையைத் தூக்கறேள், நான் நிறுத்திடறேன். அந்தக் குழந்தை பாவம், கையைத் தூக்கினா யார் நிறுத்தறா? கடிச்சுக்கறது."

தண்ணீருக்குச் சீட்டு இருந்தது, ரொட்டிக்குச் சீட்டு இருந்தது. பாட்டுக்குப் போதும் என்று சொல்லச் சீட்டே இல்லை. பாட்டைப் போய் யார் போதும் என்பார்கள் என்று பாமாவுக்குத் தோன்றியதே இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்பியின் கையை ஒரு அட்டை மேல் வைக்கச் சொல்லி பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். அவர் மோதிர விரல் கொஞ்சம் வளைந்திருக்கும். படத்திலும் வளைந்தே விழுந்தது. பிறகு அதைப் பார்த்து ஒரு சின்னச் சீட்டில் வரைந்து, சிவப்பு வர்ணம் அடித்தாள்.

மறுநாள் அம்ருதாவின் எதிரில் உட்கார்ந்து ஒரு வரி பாடினாள். சீட்டை அம்ருதாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தூக்கி, சட்டென்று பாட்டை நிறுத்தினாள். மறுபடி பாடினாள், மறுபடி தூக்கினாள், நிறுத்தினாள். அம்ருதா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த தடவை பாமா வாயைத் திறந்ததும் தானாகவே தூக்கினாள். பாமா நிறுத்தினாள். அம்ருதாவின் கண் விரிந்தது.

அப்புறம் அந்த வகுப்பு முழுக்க பாமாவால் ஒரு முழு வரி பாட முடியவில்லை. வாயைத் திறந்தால் சீட்டு. மூச்சு இழுத்தாலே சீட்டு. மற்றக் குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் பாமா ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கண் கலங்கியது. சந்தோஷத்தால் என்று சொன்னால் அது பொய். அவமானமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் சாதகம் செய்த குரலை ஒரு குழந்தை குழாயை மூடுவதுபோல் மூடுகிறது. அதை அவள் விழுங்கித்தான் ஆக வேண்டியிருந்தது, விழுங்கினாள்.

தீபாவளி லீவு முடிந்து கொஞ்ச நாளில் அம்ருதாவின் புறங்கையில் பழைய தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. சோமண் மேடம் அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். மணி கோக்கும் அறைப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. மற்றக் குழந்தைகளையும் பாமா புதிதாகப் பார்க்க ஆரம்பித்தாள். பாத்திமாவுக்கு ஹார்மோனியத்தில் ஸ்வரமே வேண்டாம், துருத்தியின் புஸ்புஸ் காற்று மட்டும் போதும் என்று கண்டுபிடித்தாள். கட்டையைத் தொடாமல் துருத்தியை மட்டும் ஊதிக்கொண்டிருக்கும் பாமாதாயியை, தாண்டிப் போன ஆயாக்கள் நின்று விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரியில் கேதரிங் வந்தது. ஆண்டு விழாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பாமா பிரார்த்தனைப் பாட்டு பாட வேண்டும், குழந்தைகள் அவளைச் சுற்றி உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. அம்ருதாவுக்காகக் கண்டாகாடிப் பாட்டும் போடலாமா என்று பாமா கேட்டுப் பார்த்தாள். "டிரஸ்டிகள் முன்னால் குப்பை வண்டிப் பாட்டா?" என்று சோமண் மேடம் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அதைவிட வைஷு சொன்னதுதான் பாமாவை அசைத்தது.

"அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த வண்டிச் சீட்டை எடுத்து வெச்சிருங்க மிஸ். எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ்காரங்கல்லாம் வர்றாங்க. பார்த்துச் சிரிப்பாங்க. எம் பொண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாங்க."

பாமா தலையாட்டினாள். விழாவன்று மேடையேறும் முன் வண்டிச் சீட்டைப் பட்டையிலிருந்து பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கைச் சீட்டையும் எடுக்கத்தான் விரல் போனது. அதை எடுக்க மட்டும் மனசு வரவில்லை. இருப்பதிலேயே சின்னப் பாட்டாகப் பார்த்துப் பாடிவிடலாம், குழந்தை பொறுத்துக்கொள்வாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஹால் நிறைந்திருந்தது. பாமா பட்டுப்புடவையில் மேடை நடுவில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் குரல் பிரமாதமாக இருந்தது, அது அவளுக்கே தெரிந்தது. முன்வரிசையில் டிரஸ்டிகள் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். சரணத்துக்குப் போகும்போது சிவப்பாக ஒன்று எதிரில் உயர்ந்தது. அம்ருதா எழுந்து நின்று, வளைந்த மோதிர விரல் கொண்ட அந்தக் கைச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

மேடை ஓரத்திலிருந்து சோமண் மேடம், பாடுங்கள் பாடுங்கள் என்று ஜாடை காட்டினார். வைஷு மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரே ஒரு சரணம். பாடி முடித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அம்ருதாவுக்குத் தெரியும். அந்தச் சீட்டு வகுப்புக்குள் செல்லும், ஊர் பார்க்கும்போது செல்லாது என்றால், அது வெறும் அட்டை. அப்புறம் அந்தக் குழந்தைக்கு மிச்சம் தன் பல் ஒன்றுதான்.

பாமா நிறுத்தினாள். பாதி வார்த்தையில்.

ஹாலில் குசுகுசுப்பு எழுந்தது. அம்ருதா பட்டையைத் தடவினாள். வண்டிச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெல்க்ரோ மட்டும் இருந்தது. மறுபடி தடவினாள். அவள் கை மெல்ல வாய்ப்பக்கம் எழுந்தது. பாமாவின் கைப்பை மேடைக்குப் பின்னால் இருந்தது, ஸ்பீக்கரும் அங்கேதான் இருந்தது. எடுத்து ஒளித்தவள் அவள்தான்.

பாமா மைக்கை நெருங்கி உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டி, கண்டாகாடிப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். ஈரக் குப்பை தனி, காய்ந்த குப்பை தனி. டம்டம்மையும் அவளே வாயால் போட்டாள். பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக ஒரு மாமி மேடையில் உட்கார்ந்து குப்பை வண்டிப் பாட்டு பாடுவதை அந்த ஹால் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தது. வைஷு பயந்த மாதிரியே சிரித்தது. வைஷு சட்டென்று தலையை நிமிர்த்தாள். சிரிக்கிறவர்களைச் சுற்றிப் பார்த்தாள், மேடையில் தன் பெண்ணைப் பார்த்தாள். எழுந்து நின்று, தப்புத் தப்பான மராத்தியில் அவளும் உரக்கப் பாட ஆரம்பித்தாள். முதலில் ஆயாக்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு பின்வரிசை. யாருக்குத்தான் அந்தப் பாட்டு தெரியாது? தினமும் காலையில் கேட்பதுதானே. கொஞ்ச நேரத்தில் டிரஸ்டி ஒருவர் கைத்தடியால் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

அம்ருதா பாமாவிடம் வந்தாள். வண்டித் தகரத்தில் வைப்பதுபோல பாமாவின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, தோளில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். எந்தக் குரலுக்கு இத்தனை நாள் காதைப் பொத்தினாளோ, அந்தக் குரல் அவள் கைக்குள் அதிர்ந்தது. பாமாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அதிர்வு கெட்டுவிடும் என்று விடாமல் பாடினாள்.

பாட்டு இரண்டாம் சுற்று போய்க்கொண்டிருந்தது. அம்ருதா நிமிர்ந்தாள். ஹாலைப் பார்த்துத் திரும்பி, சிவப்புச் சீட்டை உயரே தூக்கினாள்.

பாமா நிறுத்தினாள். வைஷு நிறுத்தினாள். ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் நிறுத்தினார்கள். கைத்தடி ஒன்று மட்டும் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தொட்டதும் அதுவும் நின்றது. அவ்வளவு பெரிய ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்திட்டோம் கண்ணு" என்றாள் வைஷு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாருமே நிறுத்திட்டோம்."

அம்ருதா சீட்டை இறக்கவில்லை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள்.